கல்லூரி மாறுதல்

கல்லூரியிற் சேர்ந்து ஓராண்டு கழிந்தபின் மாணாக்கருட் பலர்க்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. இதனினும் பெயர்பெற்றதொரு கல்லூரியில், விண்ணப்பிப்போருட் சிலரையே பொறுக்கியெடுக்குங் கல்லூரியில், நாமும் படித்தால் என்ன என்பதே அது. அவ்வெண்ணம் தோன்றுதல் குற்றமன்று. ஆராயாது அதன்வழிச் செல்லுதலே குற்றம். இதனை எழுதும் யானும் இவ்வாண்டு அதற்கு ஆட்பட்டவன். ஆதலின் பிறர்க்கு அறிவுரை கூற முற்படாமல், எனக்கு யானே சொல்லிக்கொண்டவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

என் வீடு இராயபுரத்தில் உள்ளது. மாடியில் நின்று நோக்கினால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தோன்றும். அத்துறைமுக அலுவலகத்தில் 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி இளைஞர் ஒருவர் மாதம் 30 ரூபாய் சம்பளத்திற் கணக்குப் பகுதிக் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவர் இரண்டு கல்லூரிகளிற் படித்தும் பட்டம் பெறாதவர். அவரே கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். கல்லூரி மாறக் கருதும் மாணாக்கன் அவர் வரலாற்றைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். ஏனெனில் அவர் ஒருமுறை மாறிப் பயன் பெறவில்லை, மறுமுறை மாறிப் பெரும்பயன் பெற்றார்.

1904-இல் அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். 1906-இல் சென்னைக்கு வந்து, அக்காலத்து ஜார்ஜ் டவுனில் இருந்த பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கும் அவர்தம் கணிதத் திறமையைக் கண்டு வியந்த ஆசிரியர் இருந்தனர். ஆயினும் என்? ஊர் மாறிற்று, கல்லூரி மாறிற்று, எப். ஏ. பரீட்சை மாறவில்லை. கணிதத்தில் மட்டும் தேறினால் அப்பரீட்சைக்குப் போதாது. இருமுறை எழுதியும் அவர் தேறவில்லை. தம்மோடு கொண்டுவந்த இடர்ப்பாட்டைப் புதிய கட்டிடம் நீக்கவில்லை என்றே யான் கொள்கின்றேன்.

இரண்டாவது மாறுதல் வேறு வகையினது. துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபடியே அவர் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியைச் சார்ந்த ஹார்டி என்பவர்க்குத் தாம் கண்ட சூத்திரங்களை எழுதி அனுப்பினார். அதற்கு முன்னரே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்னும் பேரறிஞர் இருவர்க்கும் எழுதியிருந்தார். அவர்களால் உதவி கிட்டவில்லை. இதனைச் சற்றே நின்று நோக்குக. பல்கலைக்கழகம் ஒன்றே, புகழும் ஒன்றே. எனினும் அக்கடிதத்தின் அருமையை உணர்ந்து அவரை அழைத்தவர் ஹார்டி. எனவே அவர்க்குப் பயன் தந்தது டிரினிட்டியின் பெயரன்று. அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் படிக்கவல்ல ஒருவர் ஆங்கு இருந்தமையே.

அழைப்பு வந்தவுடன் அவர் புறப்பட்டுவிடவில்லை. கடல் கடத்தல் குல ஒழுக்கத்திற்கு மாறென முதலில் மறுத்தார். 1914-இல் நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் சென்னைக்கு வந்து பேசியபோது இசைந்தார். அவ்வாண்டு மார்ச்சு 17-ஆம் தேதி சென்னையிற் கப்பலேறினார். 1916-இல் ஆராய்ச்சியாற் பட்டமும், 1918-இல் இராயல் சங்கத்து உறுப்பினர் பதவியும் அவரை அடைந்தன. பெற்றது பெரிது; கொடுத்ததும் பெரிதே. போர்க்காலத்துக் குளிரும், ஏற்ற உணவின்மையும், நோயும், தனிமையும் அவரை வாட்டின. 1919-இல் நலிந்து திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

அக்காலத்தில் எப். ஏ. முடித்தோர் பி. ஏ. படிக்க வேறு கல்லூரி செல்லுதல் பெருவழக்கு. ராமன் விசாகப்பட்டினத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்ததும், ராதாகிருஷ்ணன் வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியிலிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்ததும் அவ்வாறே. ஒரு படி முடிந்து மறுபடி ஏறுங்கால் மாறுதல் எளிது. படியின் நடுவில் மாறுதலோ அரிது. ஆங்கு இடம் காலியாக இருத்தல் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளிற் பாடத்திட்டம் வேறுபடுதலின், ஈண்டுத் தேறிய தாள்களை ஆங்கு மீண்டும் எழுத நேரலாம். மாற்றுச் சான்றிதழை வாங்கிய பின்னர் ஈண்டுள்ள இடம் நம்முடையதன்று. பி. ஏ. முடித்து எம். ஏ. வகுப்பிற்குச் செல்வார்க்கு இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை.

தமிழ் பயில்வார்க்கு அணித்தான சான்று உ. வே. சாமிநாதையர். அவர் இளமையில் ஊர் ஊராகச் சென்று, பல ஆசிரியர்பால் இயன்றதைக் கற்று, 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். 1876-இல் ஆசிரியர் மறையுமளவும் அவர்க்கு மாணாக்கராகவே இருந்தார். ஈண்டுள்ளாரிடம் கற்கக்கூடியவற்றைக் கற்ற பின்னரே அப்பாற் சென்றார் என்பது என் நெஞ்சை உறுத்துகின்றது. யானோ நம் கல்லூரி நூலகத்திலுள்ள நச்சினார்க்கினியர் உரையைப் பாதியளவே படித்திருக்கின்றேன். ஏட்டுச்சுவடிகளைக் காணும் வேட்கை உண்டெனின், பெசன்ட் நகரில் அவ்வையர் பெயரால் நூல்நிலையம் இருக்கின்றது. ஆங்குச் செல்லக் கல்லூரி மாற வேண்டுவதில்லை.

இவ்வாறு கூறுவதனால் இருந்த இடத்திலேயே இருத்தல் சிறப்பென்று யான் கருதுவதாகக் கொள்ளற்க. கல்வெட்டியல் கற்க விழைவான் ஒருவனுக்கு அதனைக் கற்பிப்பார் ஈண்டு இலரெனின், அவன் போகவே வேண்டும். அச்சத்தாலும் சோம்பலாலும் தங்குதல் நன்றியுணர்வு ஆகாது. ராமானுஜன் தம் முதல் மறுப்பிலேயே நின்றிருந்தால் நாம் அவரை அறிந்திருப்போமா?

என் தந்தையார் காசிமேட்டில் ஓர் ஐஸ் கடையிற் கணக்கெழுதுபவர். விண்ணப்பத்தை அவர் முன் வைத்து, அக்கல்லூரியின் தரவரிசையையும், ஆங்குச் சேர முயல்வோர் தொகையையும் எடுத்துரைத்தேன். ஈண்டுக் கிடைக்கும் உதவித்தொகை ஆங்குக் கிடையாதென்பதையும் மறையாது சொன்னேன். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "அங்கே உனக்குப் பாடம் சொல்லுகிறவர் யாரப்பா?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை.

'மாற விரும்புங் காரணம்' என்னும் இடத்தில் அக்கல்லூரியின் புகழையே நான்கு வரியில் எழுதியிருந்தேன். அன்றிரவு அவற்றை அடித்துவிட்டேன். விண்ணப்பம் அனுப்ப இன்னும் பதினொரு நாள் இருக்கின்றன. அவ்விடம் வெறுமையாகவே இருக்கின்றது.