பாடம் 7: மீண்டும் தொடங்கிய தொழில்

நுழையுமுன்

மாணவர்களே! நாம் வாழும் நகரங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகியுள்ளன. தில்லியிலிருந்து செய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் குருகிராமைக் கடக்கும்போது, வானமே சுவர்களில் ஒட்டப்பட்டதுபோல் தோன்றும். அக்கண்ணாடிகளைத் துடைப்பவர் யார் என்று எண்ணியதுண்டா? அத்தொழிலைப் பற்றியும், மாதச் சம்பளத்தை விட்டு அத்தொழிலுக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தைப் பற்றியும் இப்பாடம் பேசுகிறது. குடும்பம் கற்பனையே. அவர்கள் போட்ட கணக்கு வகையோ, உங்கள் வீட்டிலும் போடப்படக்கூடியது.

பாடம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து குருகிராமில் குடியேறிய குடும்பம் அது. தந்தை, தாய், எட்டாம் வகுப்புப் பயிலும் மகள் என மூவர். தந்தை முன்பு இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் சிறுதொழில் நடத்தி வந்தார். 2020 மார்ச்சு 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அலுவலகங்கள் வெறிச்சோடின. ஆளில்லாத அறைக்குத் தூய கண்ணாடி எதற்கு? உதவியாளர்கள் ஊர் திரும்பினர், ஏணிகள் விலைபோயின. ஆறு மாதம் வருவாயின்றிக் கழிந்தபின், அக்டோபர் முதல் நாளில் ஓர் அலுவலக வளாகத்தில் துப்புரவு மேற்பார்வையாளராக அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

நிலையான வேலைதான். சம்பளம் படிப்படியாக உயர்ந்து மாதம் 19,500 ரூபாய் ஆயிற்று. வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தமும் போகக் கையில் வருவது பதினேழரை ஆயிரத்தை ஒட்டியது. வீட்டுச் செலவு 17,000. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் காப்பீட்டு மருத்துவமனை உண்டு. ஆனால் அவருடைய வேலை, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதும் ஆள்கணக்கு எடுப்பதுமாகவே இருந்தது. பிறர் கண்ணாடியில் கோடு கோடாக ஈரம் விட்டுச் செல்வதைக் காணும்போதெல்லாம் அவர் கை பரபரத்தது. கைத்தொழில் கற்ற எவருக்கும் இந்தப் பரபரப்பு புரியும்.

கண்ணாடி துடைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். சொல்கிறேன், கேளுங்கள். இத்தொழிலின் முதன்மைக் கருவி, வைப்பர் எனப்படும் ரப்பர் விளிம்புடைய வழிப்பான். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஓக்லாந்து நகரில் கண்ணாடி துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர், எடை குறைந்த பித்தளை வழிப்பான் ஒன்றை உருவாக்கி 1936ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பிருந்த கருவி கனமான எஃகால் ஆனது. ரப்பரை மாற்ற வேண்டுமெனில் பல திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. பிழைப்புத் தேடி வேற்று நாடு சென்ற ஒருவர் தம் கைவலியைத் தீர்க்கச் செய்த கருவியின் வடிவமே இன்றும் உலகெங்கும் புழங்குகிறது.

கருவி இருந்தால் மட்டும் போதாது. முதலில் சவர்க்காரநீர் தோய்த்த துணிச்சுருளால் அழுக்கை ஊற வைக்க வேண்டும். பின்பு மேலிருந்து கீழாக வழிக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் ரப்பர் விளிம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் வழித்த அழுக்கே மீண்டும் கோடாகும். ரப்பரின் விளிம்பு மழுங்கினாலும் கோடு விழும். சுடுவெயில் நேரே படும் கண்ணாடியில் கை வைக்கலாகாது. வழிக்குமுன் நீர் உலர்ந்துவிடும். குருகிராமின் நிலத்தடிநீர் கடினநீர். அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள், நீர் உலர்ந்ததும் வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். ஆகவே, இறுதியாக அலசுவதற்கு உப்பு நீக்கிய நீர் வேண்டும். அந்நீரை நீண்ட கோலின் வழியே மேலேற்றி, நுனியிலுள்ள தூரிகையால் தேய்த்து அலசிவிட்டால், தரையில் நின்றபடியே இரண்டு மாடி உயரம் வரை தூய்மை செய்யலாம். உப்பில்லாத நீர் தானே உலர்ந்தாலும் கறை விடாது.

பிப்ரவரி மாத இறுதியில் ஓர் இரவு, உணவுக்குப் பின் தந்தை பேச்சைத் தொடங்கினார்.

“வேலையை விட்டுவிட்டுப் பழைய தொழிலையே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கடைகள் எல்லாம் திறந்து நல்ல வியாபாரம் நடக்கிறது. இருபது கடை பிடித்துவிட்டால் நமக்குப் போதும்.”

தாய் உடனே மறுக்கவில்லை. மகளின் பழைய குறிப்பேட்டை எடுத்து வரச் சொன்னார்.

“ஒரு கடைக்கு எவ்வளவு கிடைக்கும், சொல்லுங்கள்.”

“வாரம் ஒருமுறை. ஒரு தடவைக்கு 250 ரூபாய். மாதம் ஆயிரம்.”

“அப்படியானால் இருபது கடைக்கு இருபதாயிரம். பெட்ரோல், நீர், சவர்க்காரம், ரப்பர் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆகாதா? மிச்சம் பதினாறாயிரம். வீட்டுச் செலவு பதினேழாயிரம். இருபது போதாதுங்க; இருபத்தொன்று வேண்டும். அதுவும் ஒருவருக்கும் உடம்புக்கு வராமல் இருந்தால்.”

தந்தை சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. “இன்னும் ஒன்று. உயரமான கட்டடத்தில் கயிற்றில் தொங்கமாட்டேன் என்று சொல்லுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.”

இங்கே சற்று நிற்போம். கயிற்றில் இறங்கிப் பணிபுரிவது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை. அதற்கு இரண்டு கயிறுகள் வேண்டும்: ஒன்று பணிக்கு, மற்றொன்று காப்புக்கு. இரண்டும் தனித்தனிப் பிடிப்புகளில் கட்டப்பட வேண்டும். உடல் முழுவதையும் தாங்கும் காப்புக்கச்சை வேண்டும். இவற்றுள் ஒன்றைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கும் இடங்கள் உண்டு என்பதை அந்தத் தாய் அறிந்திருந்தார். தந்தை ஒப்புக்கொண்டார். தரையிலிருந்து கோல் எட்டும் உயரமே தம் எல்லை என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கையொப்பமும் இட்டார். இதனால் பெரிய கட்டடங்களின் பெரிய ஒப்பந்தங்கள் அவருக்கு இல்லையென்று ஆயின. என் எண்ணத்தில், அன்றிரவு எடுக்கப்பட்ட முடிவுகளுள் இதுவே விலை மிகுந்தது.

அடுத்த கேள்வி, எப்போது விலகுவது என்பது. பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். அவர் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. கணக்கு இவ்வாறு: இறுதியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அவருக்கு அத்தொகை 15,600. ஆகவே ஆண்டொன்றுக்கு 9,000, ஐந்தாண்டுக்கு 45,000. ஏழு மாதம் பொறுத்தால் செப்டம்பர் இறுதியில் அது கைக்கு உரியதாகும். அதற்குப் பின் மூன்று வாரத்தில் தீபாவளி. வட இந்தியாவில் தீபாவளிக்கு முன் வீடுதோறும் துப்புரவு நடக்கும். கண்ணாடி துடைப்போர்க்கு அதுவே அறுவடைக் காலம்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன (47 முதல் 50 வரை). அவை அரசனை நோக்கிச் சொன்னவை. அந்தத் தாய் அவற்றைப் படித்தவர் அல்லர். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் அவருடைய கேள்விகளை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

அந்த ஏழு மாதமும் தந்தை வார விடுமுறை நாளில் மட்டும் கடை கடையாகச் சென்றார். கோடையில் புழுதிக் காற்று வீசிய மறுநாள் எவரும் மறுக்கவில்லை. மழைக்காலத்தில், “மழையே கழுவிவிடுகிறதே” என்று பலர் திருப்பி அனுப்பினர். செப்டம்பர் முடிவில் பதினான்கு கடைகள் வாக்களித்திருந்தன. கருவிகள் வாங்கச் சேமிப்பிலிருந்து 9,000 எடுத்தார். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ‘சிசு’ என்னும் பிரிவில் 50,000 வரை கடன் பெறலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். கடனில் தொடங்க மனமில்லை என்று விடுத்தார்.

பதினான்கு கடைக்கு வரவு 14,000. செலவு 3,000 போக 11,000. வீட்டுக்கு மாதம் 6,000 குறையும். அவ்வாறாயின் 45,000 ரூபாய் ஏழரை மாதம் தாங்கும். அதற்குள் இருபத்தொரு கடையை எட்ட வேண்டும். செப்டம்பர் 30 அன்று அவர் விலகினார். காப்பீட்டு மருத்துவமனையைப் பற்றிக் குறிப்பேட்டில் தாய் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டிருந்தார். அதற்கு எதிரே இன்னும் விடை எழுதப்படவில்லை.

மகளுக்கு வேறொரு கவலை இருந்தது. பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்னும் இடத்தில் இதுவரை மேற்பார்வையாளர் என்று எழுதி வந்தாள்.

“அப்பா, இனி என்ன எழுதுவது?”

“நீ என்னம்மா எழுத நினைக்கிறாய்?”

அவள் விடை கூறவில்லை. படிவம் இரண்டு நாள் பைக்குள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள் ‘கண்ணாடித் தூய்மைத் தொழில், சொந்தமாக’ என்று எழுதிக் கொடுத்தாள். ‘சொந்தமாக’ என்பது அவளாகச் சேர்த்த சொல். கடைக்காரர்களுக்கான அறிவிப்புத்தாளை இந்தியில் எழுதியவள் அவளே. கணக்கை மட்டும் தமிழில் எழுதினாள். தாய்க்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து அதுவே.

குறிப்பேட்டின் பக்கங்கள் இவை. அக்டோபர்: 14 கடை, தீபாவளிக்கு 12 வீடு, வீட்டுக்கு 900 வீதம் 10,800, செலவு 4,000, வீட்டுக்கு 17,000 போக மிச்சம் 3,800, பணிக்கொடையோடு சேர்த்து இருப்பு 48,800. நவம்பர்: 16 கடை, இருப்பு 44,800. டிசம்பர்: 17 கடை, இருப்பு 41,800. சனவரி: மூடுபனியால் இரண்டு கடை நின்றன, 15 கடை, இருப்பு 36,800. பிப்ரவரி: 19 கடை, செலவு 3,500, இருப்பு 35,300.

மார்ச்சு என்று தலைப்பிட்ட பக்கம் இன்னும் வெறுமையாக உள்ளது.

சொல் அறிவோம்

நாம் ‘சன்னல்’ என்று வழங்குவது போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது. பலகணி என்பது பல கண்களை உடையது. காலதர் என்பது காற்று வரும் வழி (கால் – காற்று, அதர் – வழி). ‘ஊதியம்’ இன்று சம்பளத்தைக் குறிக்கிறது. திருக்குறளிலோ அது இலாபத்தைக் குறிக்கும். அந்தத் தந்தை ஓர் ஊதியத்தை விட்டு மற்றோர் ஊதியத்தைத் தேடிச் சென்றார் எனலாம்.

பயிற்சி

1. இருபது கடை ஏன் போதாது? தாயின் கணக்கை உங்கள் சொற்களில் எழுதுக.

2. நவம்பர் மாதத்தில் கடைகள் கூடியும் இருப்பு குறைந்தது ஏன்?

3. பிரித்து எழுதுக: கைத்தொழில், நிலத்தடிநீர், வெண்புள்ளி.

4. தாய் இட்ட கேள்விக்குறிக்கு நீங்கள் என்ன விடை எழுதுவீர்கள்? வீட்டில் கலந்து பேசி ஐந்து வரிகளில் எழுதுக.

5. மார்ச்சு மாதப் பக்கத்தை நீங்களே நிரப்புக. அதற்குமுன், அம்மாதத்தில் உங்கள் நகரின் வெயில், காற்று, திருவிழா ஆகியவற்றைக் கருத்தில் கொள்க.