லாரியின் பம்ப் ஸ்டாப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வைத்திக்குப்பம் போன்ற புதுவைக் கடற்கரைக் குப்பங்களில் மீனும் ஐஸும் ஏற்றிச் செல்லும் பழைய வண்டிகளில், குறிப்பாக 1986-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்து இன்றளவும் சலியாமல் உழைக்கும் டாடா 407 போன்றவற்றில், இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் காட்டப்படும் கவலையில் நூற்றில் ஒரு பங்குகூட, சேசிஸின் அடியில் அச்சுக்கு நேர் மேலே நிற்கும் அந்தச் சிறிய ரப்பர்க் கட்டைக்குக் காட்டப்படுவதில்லை. பம்ப் ஸ்டாப் என்று வழங்கும் அக்கட்டை, ஸ்பிரிங் பட்டைகள் இனி வளைய இயலாத நிலையை நெருங்கும் க்ஷணத்தில், அச்சின் இரும்பு சேசிஸின் இரும்போடு மோதிவிடாமல் இடையில் நின்று காப்பது. தேய்ந்துபோன கட்டைக்குப் பதில் புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது வழங்கிவரும் சில நம்பிக்கைகள், வண்டிக்கும் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கும் தீங்கு செய்வன.

கட்டை எத்தனைக்கெத்தனை கடினமோ அத்தனைக்கத்தனை உத்தமம் என்பது அவற்றுள் தலையாயது. வேகத்தடையில் பாரத்தோடு ஏறியிறங்கும் வண்டியின் அச்சு மேலெழும் வேகத்தை ஒரு கட்டை 20 மில்லிமீட்டர் அமுங்கி அடக்குகிறதென்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தை 5 மில்லிமீட்டருக்குள் அடக்க முற்படும் கடினமான கட்டையின் வழியே சேசிஸுக்குச் செல்லும் சராசரி விசை நான்கு மடங்காகிறது. முதலில் எளிதாக இணங்கி, அமுங்க அமுங்க எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு போவதே நல்ல கட்டையின் லட்சணம். நுனி குறுகி அடி பெருத்த அதன் வடிவம் அதன்பொருட்டே அமைந்தது. பழைய டயரை அறுத்துப் போல்ட்டால் முடுக்கிவிடும் வழக்கம் சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் நைலான் இழையோ எஃகுக் கம்பியோ பின்னிய அந்தத் தட்டையான துண்டு, படிப்படியாக இணங்கும் குணமற்றது.

இதில் பலர் கவனியாத ஒரு சூட்சுமம் உண்டு. திண்மமான ரப்பர் அமுங்கும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய மாறுவதேயில்லை. மேலிருந்து நசுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கியே தீரும். ஆகையால் பிதுங்க இடமின்றி இரும்புக் கிண்ணத்துக்குள் இறுகப் பொருந்தும் கட்டை, கையால் அழுத்துங்கால் மிருதுவாயிருப்பினும், மோதலின்போது சிறிதும் விட்டுக்கொடாது. கிண்ணத்தின் உள்விட்டத்தை அளக்காமல் கட்டை வாங்குவது வீண்.

பெரிய கட்டை போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்போரும் உளர். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வாகனங்களில் எழுந்தருளும் வெளியூர் மூர்த்திகளின் ஊர்வலத்தில், ஊர்ந்து நகரும் லாரியின் கட்டைக்கு அநேகமாக வேலையே இல்லை. அதே எடையை மீனும் ஐஸுமாக ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் வேகமாக இறங்கும் லாரியிலோ அதற்கு ஓய்வில்லை. அதிர்ச்சியை ஏற்பதே கட்டையின் தொழில். பாரத்தின் வரம்பை நிர்ணயிப்பவை அச்சும் டயரும் பிரேக்கும் சேசிஸுமே. உயரமான கட்டை அச்சின் நடமாட்டத்தைக் குறைத்து அடிக்கடி மோதும். குட்டையான கட்டையோ, தான் தொடுமுன்பே ஷாக் அப்சார்பரை அடிமுட்டச் செய்து, தன் வேலையை அதன் தலையில் சுமத்திவிடும். இரண்டாவது தவறு அதிக நாசகரமானது என்பது என் அபிப்பிராயம்.

உப்புக் காற்று ரப்பரை அரிக்கிறது என்று கரையோர ஊர்களில் உறுதியாக நம்பப்படுகிறது. ரப்பரை உப்பு அவ்வளவாகத் தீண்டுவதில்லை. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்ட கந்தகப் பக்குவத்தால் உறுதிபெற்ற இயற்கை ரப்பரை வெடிக்கச் செய்வன காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் உஷ்ணமுமே. மீன்பெட்டிகளிலிருந்து ஓயாது சொட்டும் உப்புநீர் தாக்குவது, ரப்பரோடு ஒட்டிப் பக்குவப்படுத்திய இரும்புத் தகட்டை. துரு விளிம்பில் தொடங்கி உள்ளே ஊர்ந்து, பார்வைக்குப் பழுதற்ற கட்டையை ஒருநாள் தகட்டிலிருந்து பிரித்தெறிந்துவிடும். எனவே புதிதாக வாங்கும்போது தகட்டின் விளிம்பையும் போல்ட்டின் பூச்சையும் பார்ப்பதும், ஓட்டம் முடிந்தபின் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவதும் அவசியம். பளபளப்புக்காக இன்ஜின் ஆயில் தடவுவது கூடவே கூடாது. தாது எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பச் செய்து அதன் பலத்தைக் குலைக்கும்.

பாலியூரித்தேன் எப்போதும் மேலானது என்பதும் முழு உண்மையன்று. நுண்ணறைகள் கொண்ட நுரைவகை, பக்கவாட்டில் அதிகம் பிதுங்காமல் வெகுதூரம் அமுங்க வல்லது. திண்மமான வகையோ ரப்பரைக் காட்டிலும் கடினமாக இருக்கலாம். தவிர, பாலியஸ்டர் வகையை ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து நாளடைவில் சிதைத்துவிடும். பாலியீதர் வகை அதைத் தாங்கும். ஐஸ்நீர் சொட்டும் வண்டிக்காரர் இந்த வித்தியாசத்தைக் கடையில் கேட்டே வாங்க வேண்டும்.

பல்லாண்டாகக் கடையில் உறங்கிய கம்பெனிச் சரக்கு, புதியது என்று கருதத்தக்கதன்று. உபயோகிக்காவிட்டாலும் ரப்பர் முதுமையடையும்.

வாங்குமுன் சமதரையில் வண்டியை நிறுத்தி, கட்டையின் நுனிக்கும் அது தொட வேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளியை, வெறும் வண்டியில் ஒருமுறையும் வழக்கமான பாரத்தோடு ஒருமுறையும், இருபக்கமும் அளந்து, கம்பெனிக் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி குறைந்திருந்தால், பழைய வண்டியில் பெரும்பாலும் குற்றம் கட்டையினுடையதன்று, வளைவிழந்து தாழ்ந்துபோன பட்டைகளுடையது. அவற்றைச் சீர்செய்யாமல் கட்டையின் நுனியைச் சீவிக் குட்டையாக்கிக்கொள்வது, ஷாக் அப்சார்பரை முறிப்பதற்கே வழிகோலும்.