போன் வீடியோ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேத்தி எடுத்து வைக்கும் முதல் அடி, பாட்டி பாடும் தாலாட்டு, ஊர்த் தேர் நிலைக்கு வரும் நேரம் என்று எல்லாவற்றையும் இன்று போனிலேயே எடுத்துவிடுகிறோம். ஆனால் திரும்பப் போட்டுப் பார்த்தால் முகம் இருட்டாக இருக்கிறது, படம் ஆடுகிறது, பேச்சு காதில் விழவே இல்லை. பழியைப் போன் மீது போடுகிறோம். பல நேரங்களில் தவறு, படம் எடுப்பது பற்றி நாம் கேட்டு நம்பிய விஷயங்களில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: விலை உயர்ந்த கேமரா இருந்தால்தான் வீடியோ நன்றாக வரும்.

உண்மை: அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ 2015இல் வெளியான முழுநீளத் திரைப்படம். அது ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டது. போனின் முன்னால் அகலத்திரைக்கான சிறு லென்ஸைப் பொருத்தினார்கள். ஆடாமலிருக்கத் தாங்கியைப் பயன்படுத்தினார்கள். ஒலியைத் தனிக் கருவிகளில் பதிவு செய்தார்கள். கேமராவில் சிக்கனம் பிடித்தவர்கள் ஒலியில் சிக்கனம் பிடிக்கவில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

நம்பிக்கை: வெளிச்சம் நிறைய இருந்தால் போதும்.

உண்மை: வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே முக்கியம். தாத்தா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். போன், அவர் பின்னாலிருக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தின் வெளிச்ச அளவைக் குறைத்துக்கொள்ளும். அவர் முகம் கருத்துவிடும். நாற்காலியைத் திருப்பி, ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள். ஒரு கன்னத்தில் ஒளி விழும், மறு கன்னத்தில் மெல்லிய நிழல் படியும், சுருக்கங்கள்கூட அழகாகத் தெரியும். பிறகு திரையில் அவர் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அப்படியே பூட்டிக்கொள்ளும். பேச்சின் நடுவே படம் மங்கித் தெளியாது. இயற்கை ஒளியை நம்பியே பேர் வாங்கிய ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. அந்த ஒளி நம் வீட்டு ஜன்னலிலும் இலவசமாகவே வருகிறது.

நம்பிக்கை: கேமராவை நகர்த்திக்கொண்டே, ஜூம் செய்துகொண்டே எடுத்தால்தான் உயிரோட்டம் இருக்கும்.

உண்மை: 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் சினிமா முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாதவை. கேமரா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவற்றில் ஒன்றில் தொழிற்சாலை வாசலில் ஆட்கள் வெளியே வந்தார்கள், அந்த அசைவே போதுமானதாக இருந்தது. நாமும் போனை இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு காட்சியைப் பத்து நொடியாவது அசையாமல் எடுக்க வேண்டும். முதலில் இடம் முழுவதும் தெரியும்படி ஒன்று, பிறகு ஆள் தெரியும்படி ஒன்று, கடைசியில் கோலம் போடும் விரல்களோ மாலை தொடுக்கும் கைகளோ மட்டும் ஒன்று. இந்த மூன்றையும் அடுக்கினாலே கதை வந்துவிடும். டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்; அதனால் தெளிவு குறைகிறது. ஜூம் செய்வதற்குப் பதில் இரண்டடி முன்னால் போய் நில்லுங்கள்.

நம்பிக்கை: படம் தெளிவாக இருந்தால் போதும், சத்தத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

உண்மை: சற்று மங்கலான படத்தைக்கூடப் பார்த்துவிடலாம், புரியாத பேச்சை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் குரலின் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். அறைக்குள்ளோ எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் குறையாமல் அப்படியே இருக்கும். பிறகு சத்தத்தைக் கூட்டினால் குரலோடு மின்விசிறியும் சேர்ந்தே கூடும். வழி எளிது. விசிறியை நிறுத்துங்கள், டிவியை அணையுங்கள். வீட்டிலுள்ள இன்னொரு போனில் குரல் பதிவை ஓடவிட்டு, பேசுகிறவரின் சட்டைப் பையில் வையுங்கள். இரண்டு போன்களும் ஓடத் தொடங்கியதும் கேமராவின் முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். கைகள் சேரும் காட்சியையும் ‘டப்’ என்ற ஒலியையும் எடிட்டிங்கில் ஒன்றாகப் பொருத்தினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும். படப்பிடிப்பில் கிளாப் பலகை செய்கிற வேலையும் இதுதான்.

நம்பிக்கை: மின்விளக்கில் படம் சிமிட்டினால் போன் பழுது.

உண்மை: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரிகிறது. போன் கேமராவில் புரோ முறை இருந்தால், அதில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இத்தகைய விளக்குகளின் கீழ் ஸ்லோ மோஷன் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

நம்பிக்கை: 4கே-வில் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: 4கே-வில் 1080பி-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உண்டு. ஆனால் அது ஆடுகிற படத்தை நிறுத்தாது, இருண்ட முகத்துக்கு வெளிச்சம் தராது. கோப்பு பெரிதாகி, முக்கியமான நேரத்தில் போனில் இடமில்லாமல் போகலாம். குடும்பத்தினருக்கு அனுப்பிப் பார்க்க 1080பி தாராளம்.

பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய நல்ல கேமரா வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தாத்தாவையோ பாட்டியையோ ஜன்னலோரம் உட்கார வைத்து, அவர்கள் படித்த பள்ளியைப் பற்றியோ பிழைக்க வந்த ஊரைப் பற்றியோ கேளுங்கள். அதற்கு இப்போது உங்கள் கையிலிருக்கும் போனே போதும்.