கல்லாவில் கணினி கண் திறக்காவிட்டால்...



கடை திறந்து, விளக்கேற்றி, முதல் போணிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பில் போடும் கணினி வேலை செய்யாமல் நின்றுவிட்டால் நம் மனம் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாங்கள் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு, எண்ணெய், மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம். சிட்டையையும் பேரேட்டையும் அறிந்த அளவுக்குக் கணினியை அறியோம். ஆனால் ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் பட்ட பாடு எங்களைக் கற்றுக்கொள்ள வைத்தது. அந்தப் பாடத்தைச் சக வணிகர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

தின் கிளையண்ட் என்பது என்ன?

இன்று பல கடைகளில் ஒவ்வொரு கல்லாவிலும் முழுக் கணினி வைப்பதில்லை. உள்ளறையில் சர்வர் என்ற பெரிய கணினி ஒன்று இருக்கும். கல்லாக்களில் சிறு பெட்டி, திரை, விசைப்பலகை மட்டும் இருக்கும். அந்தச் சிறு பெட்டிதான் தின் கிளையண்ட். விலை குறைவு, மின்சாரச் செலவு குறைவு, கணக்கு முழுவதும் ஓரிடத்தில் இருக்கும் என்பவை இதன் நன்மைகள்.

இவற்றில் ஒரு வகைப் பெட்டிக்குள் சொந்தமாக எதுவும் இருக்காது. தினமும் காலையில் வெறுங்கையோடு வேலைக்கு வரும் ஆளைப் போல அது விழிக்கும். வேலை தொடங்குமுன் நான்கு காரியம் நடக்க வேண்டும்.

1. கம்பி வழியாகக் கடை நெட்வொர்க்கோடு இணைப்பு கிடைக்க வேண்டும்.

2. "எனக்கு என்ன எண்?" என்று அது கூவிக் கேட்கும். டிஎச்சிபி என்ற சேவை அதற்கு ஓர் எண் கொடுக்கும். இதையே ஐபி முகவரி என்கிறார்கள். நாம் குடோனில் டோக்கன் கொடுப்பது போலத்தான்.

3. டோக்கனோடு, "உன் கோப்பு இன்ன சர்வரில் இருக்கிறது, அதன் பெயர் இது" என்ற தகவலும் வர வேண்டும்.

4. அந்தச் சர்வரிடம் போய், டிஎஃப்டிபி என்ற முறையில் கோப்பை வாங்கி வர வேண்டும். எந்தத் திரை, எந்த பிரிண்டர், எந்தச் சர்வரில் வேலை என்பதெல்லாம் அந்த அமைப்புக் கோப்பில்தான் எழுதியிருக்கும்.

டிஎஃப்டிபி பழைய காலத்து எளிய முறை. இன்று வழங்கும் அதன் விதிகள் 1992இல் வெளியானவை. பயனர் பெயரும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. கோப்பை 512 பைட் கொண்ட சிறு கட்டுகளாக அனுப்பும். ஒரு கட்டு சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே அடுத்த கட்டு கிளம்பும். லாரியிலிருந்து ஒரு மூடை இறக்கி எண்ணிக்கை சொன்ன பிறகு அடுத்த மூடை இறக்குவதற்கு இதை ஒப்பிடலாம். வழியில் தடை நீடித்தால் வேலை நின்றுவிடும்.

எங்கள் கடையில் நடந்தது

தீபாவளிக்கு முந்திய நாள். காலை 7 மணிக்கே வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர்கள் பட்டியலோடு வந்து நிற்கிறார்கள். எங்களிடம் நான்கு கல்லா. இரண்டு திறந்துவிட்டன, மற்ற இரண்டில் அமைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்ற ஆங்கில வாசகம் வந்து நின்றது. கணக்குப்பிள்ளை நான்கையும் அணைத்துப் போட்டார். இப்போது மூன்று திறந்தன. முன்பு நன்றாக ஓடிய ஒன்று நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் பராமரிக்கும் தம்பிக்குப் போன் செய்தோம். முதல் வாரம்தான் அவர் வந்து சர்வரைச் சுத்தம் செய்து போயிருந்தார். "நீ கை வைத்த பிறகுதானப்பா இப்படி ஆயிற்று" என்று கோபமாகவே பேசினோம். கணக்குப்பிள்ளையையும் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டோம். இருபது வருடமாக எங்களோடு இருப்பவர். பதில் பேசாமல் கையால் பில் எழுத உட்கார்ந்துவிட்டார். அவசரத்தில் எண்ணெய் டின்னுக்குப் பழைய விலையைப் போட்டு ஒரு பில் போய்விட்டது. நஷ்டம் எங்களுக்கு.

பத்து மணிக்கு அந்தத் தம்பி வந்தார். சர்வர் பக்கமே அவர் போகவில்லை. நின்றுபோன கல்லாவின் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம கடை நம்பர் எல்லாம் 192.168.1 என்றுதானே ஆரம்பிக்கும்? இங்கே 192.168.0 என்று இருக்கிறதே! யாரோ வேறு ஆள் டோக்கன் கொடுக்கிறான். நேற்று புதிதாக ஏதாவது மாட்டினீர்களா?" என்று கேட்டார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. முந்திய நாள் இரவு, வாடிக்கையாளர்கள் செல்போனில் பணம் அனுப்ப சிக்னல் கிடைக்கவில்லையென்று, வீட்டில் சும்மா கிடந்த ஒரு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து, சுவிட்சில் காலியாக இருந்த துளையில் செருகச் சொன்னது நாங்களேதான். யாரிடமும் சொல்லவுமில்லை. அந்தப் பெட்டியும் தன் பங்குக்கு டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

எங்கள் பெட்டிகள் இருமுறை முகவரி கேட்கும் வகை. முதலில் நெட்வொர்க் கார்டு கேட்கும். சர்வரிலிருந்து மென்பொருள் இறங்கிய பிறகு அது மறுபடி கேட்கும். இரண்டாம் முறை யார் முந்திப் பதில் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ளும். நம் சர்வர் முந்தினால் கல்லா திறக்கும். வைஃபை பெட்டி முந்தினால், கோப்பே இல்லாத இடத்தில் போய்க் கோப்புக் கேட்டு ஏமாந்து நிற்கும். ஒருமுறை திறப்பதும் மறுமுறை மறுப்பதும் அதனால்தான். கம்பியைப் பிடுங்கியதும் நான்கு கல்லாவும் ஓடின. பிறகு அந்தப் பெட்டியில் டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதற்கும் நம் கடை வரிசையிலேயே ஒரு நிலையான முகவரி கொடுத்து மாட்டினார், இன்றுவரை தொந்தரவில்லை.

அன்று மாலை கணக்குப்பிள்ளையையும் அந்தத் தம்பியையும் உட்கார வைத்து, தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டோம். எண்ணெய் டின் நஷ்டத்தைவிட அந்தக் காலை வார்த்தைகள்தான் பெரிய நஷ்டம். காரணம் தெரியுமுன் ஆள்மீது பழி போடக்கூடாது என்பதே இதில் முதல் பாடம்.

திரை என்ன சொல்கிறது?

திரையில் வரும் எழுத்துகளைப் படிக்காமலே நாம் அணைத்துப் போடுகிறோம். அது தவறு. முதலில் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வழியாகத் தொடங்கும் பெட்டிகளில் வழக்கமாக வரும் எண்களும் பொருளும் வருமாறு:

பிஎக்ஸ்இ-ஈ61: கம்பி இணைப்பே இல்லை. முனை கழன்றிருக்கலாம், சுவிட்சுக்கு மின்சாரம் வராமலிருக்கலாம், குடோன் பக்கம் எலி கடித்திருக்கலாம். நன்றாக ஓடும் கல்லாவின் கம்பியை இதில் மாட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிஎக்ஸ்இ-ஈ51: கம்பி சரி, ஆனால் டோக்கன் கொடுக்க யாரும் முன்வரவில்லை. டிஎச்சிபி சேவை நின்றிருக்கலாம். அல்லது டோக்கன் தீர்ந்திருக்கலாம். 20 முகவரிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வேலையாட்களின் செல்போன்களையும் அதே நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் கல்லாவுக்கு மிஞ்சாது. சில வகைச் சுவிட்சுகள் கம்பி மாட்டிய பிறகு 30 விநாடி வரை வழி திறக்காது. அதற்குள் பெட்டி கேட்டுக் களைத்துவிடும். அதற்கான அமைப்பைச் சுவிட்சில் மாற்ற வேண்டும்.

பிஎக்ஸ்இ-ஈ53: டோக்கன் கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. டிஎச்சிபி அமைப்பில் 66ஆம் எண் சர்வரையும் 67ஆம் எண் கோப்பின் பெயரையும் சொல்லும். அவை விடுபட்டிருக்கலாம். அல்லது எங்கள் கடையைப் போல வேறொரு பெட்டி டோக்கன் கொடுத்திருக்கலாம்.

பிஎக்ஸ்இ-ஈ32: பெயரும் தெரிந்தது, சர்வரைக் கூப்பிட்டால் பதிலில்லை. டிஎஃப்டிபி சேவை ஓடுகிறதா, சர்வரின் சொந்த முகவரி மாறிவிட்டதா, ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சேவையின் வாசல் யுடிபி 69. ஆனால் பேச்சு தொடங்கிய பின் சர்வர் வேறொரு வாசலிலிருந்துதான் பதில் அனுப்பும். எனவே 69ஐ மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைத்தாலும் வேலை நடக்காமல் போகலாம்.

பிஎக்ஸ்இ-டி01: சர்வர் பதில் சொல்லிவிட்டது, கேட்ட கோப்பு அங்கே இல்லை என்கிறது. பெயரிலோ, கோப்பு இருக்கும் இடத்திலோதான் கோளாறு.

புதிய பெட்டிகளில் எண்கள் வேறுபடும். உதாரணமாக, தகுந்த டோக்கன் வரவில்லை என்பதை அவற்றில் பிஎக்ஸ்இ-ஈ16 என்று காணலாம். எண் எதுவானாலும் கம்பி, டோக்கன், தகவல், கோப்பு என்ற வரிசை மாறாது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயரில் வரும் பிசகு

லினக்ஸ் சர்வர்களில் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற மென்பொருள் வெகுவாகப் பயன்படுகிறது. அது அமைப்புக் கோப்பைத் தேடும் ஒழுங்கு தெரிந்துகொள்ளத் தக்கது. நெட்வொர்க் கார்டுக்கென்று ஆலையிலேயே இட்ட மேக் எண் ஒன்று உண்டு. அந்த எண்ணின் முன்னே 01 சேர்த்த பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஐபி முகவரியைப் பதினாறின் அடுக்கில் எழுதிய பெயரைத் தேடும். 192.168.1.25 என்ற முகவரி சி0ஏ80119 என்று ஆகும். அதுவும் இல்லையென்றால் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துத் தேடும். முடிவில் டிஃபால்ட் என்ற பொதுக் கோப்பை எடுக்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எரிந்துபோன பெட்டிக்குப் பதில் புதுப் பெட்டி மாட்டினால் மேக் எண் மாறிவிடும். பழைய பெயரில் உள்ள கோப்பு அதற்குக் கிடைக்காது. பொதுக் கோப்பு இருந்தால் கல்லா திறக்கும், ஆனால் பிரிண்டர் ஓடாது. பொதுக் கோப்பும் இல்லையென்றால் கல்லாவே திறக்காது. புதுப் பெட்டி யூஇஎஃப்ஐ வகையாக இருந்தால் தொடக்கக் கோப்பே வேறாக இருக்க வேண்டும்; பழைய பயோஸ் வகைக் கோப்பை அது ஏற்காது.

இன்னும் மூன்று பிசகுகள்: லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் நோட்பேடில் திருத்திச் சேமித்தால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக்கொள்ளலாம். அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மூன்றாவது, கோப்பை எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதி இல்லாவிட்டால் டிஎஃப்டிபி கொடுக்காது.

இவற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியிலிருந்து டிஎஃப்டிபி கட்டளை மூலம் அதே கோப்பை அதே பெயரில் வாங்கிப் பாருங்கள். கோப்பு வந்தால் சர்வர்மீது குற்றமில்லை. டோக்கன் பக்கம் தேட வேண்டும். வராவிட்டால் சர்வர் பக்கம் தேட வேண்டும். விண்டோஸில் இந்தக் கட்டளையை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். சோதிக்கும் கணினியின் ஃபயர்வாலும் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருமுன் காக்க

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சர்வரின் முகவரி, ஒவ்வொரு கல்லாவின் மேக் எண், கோப்பின் பெயர், பராமரிப்பவரின் போன் எண் ஆகியவற்றைப் பேரேட்டுக்குச் சமமாக அதில் எழுதி வையுங்கள். கடையில் எந்தக் கம்பியை, எந்தப் பெட்டியை மாட்டினாலும் தேதி போட்டு அதில் குறிக்க வேண்டும். முதலாளிக்கும் இது பொருந்தும்!

சர்வருக்கு நிலையான முகவரி கொடுங்கள். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டுச் சுவிட்சை மறந்துவிடாதீர்கள். அமைப்புக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். பண்டிகைக்கு முந்திய பத்து நாட்களில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள்.

கடைசியாக, கை பில் புத்தகம் எப்போதும் மேஜையில் இருக்கட்டும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாகவும், ஒரு நிதியாண்டில் திரும்ப வராமலும், 16 எழுத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எனவே கை பில்லுக்குத் தனி வரிசை போட்டு, அன்றைய விலைப் பட்டியலை அட்டையில் ஒட்டி வையுங்கள். எங்களுக்கு நேர்ந்த எண்ணெய் டின் கதை உங்களுக்கு நேராது.

கணினி வந்துவிட்டதென்று நாம் கணக்கை மறந்துவிடக் கூடாது. கணினி நின்றுவிட்டதென்று நிதானத்தை இழந்துவிடவும் கூடாது. இந்த இதழை உங்கள் கணக்குப்பிள்ளையிடமும் படிக்கக் கொடுங்கள். வியாபாரம் செழிக்கட்டும்!