மைல்கல்லைப் படிப்பது எப்படி? ஜவ்வாது மலை வழியில் ஒரு சாலைப் பாடம்

ஜவ்வாது மலைக்கு பைக்கில் போக நம்ம பசங்க பிளான் போட்டால் பெட்ரோல், ரெயின்கோட், பவர் பேங்க் எல்லாம் லிஸ்ட்டில் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது: மேப் வேலை செய்யாத இடத்தில் "நாம இப்போ எங்கே இருக்கோம்?" என்று சொல்லத் தெரிவது. மலை ஏற ஏற பல இடங்களில் சிக்னல் போய்விடும். ரோட்டோரக் கல்லுக்கு சிக்னல் தேவையில்லை. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ரயில் ரசிகர்கள் மாதிரி ரோடு ரசிகர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சாலை எண், மைல்கல், அறிவிப்புப் பலகை இவைதான் அவர்கள் பொழுதுபோக்கு. கேட்க விளையாட்டாகத் தெரியும். ஆனால் இதில் நல்ல இன்ஜினியரிங் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் நிறம்

மைல்கல்லின் தலைப்பகுதி நிறமே அது யாருடைய சாலை என்று சொல்லிவிடும். கீழ்ப்பகுதி எப்போதும் வெள்ளை.

மஞ்சள்: தேசிய நெடுஞ்சாலை.
பச்சை: மாநில நெடுஞ்சாலை.
கருப்பு அல்லது நீலம்: மாவட்ட, நகரச் சாலைகள்.
ஆரஞ்சு: 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு.

வாணியம்பாடியில் 48-ஆம் எண் சாலையை விட்டு இறங்கி ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும்போது கவனியுங்க. மஞ்சள் கல் நின்றுபோகும். ரோடு குறுகும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் குறையும். நிறம் மாறின உடனே வேகத்தையும் மாற்றிக்கொள்வது நல்லது.

2. எண்ணில் இருக்கும் கணக்கு

2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் வந்தது. விதி சிம்பிள். வடக்கு–தெற்குச் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு–மேற்குச் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும்.

சரிபார்ப்போமா? கடற்கரையோரம் சென்னை–புதுச்சேரி–நாகப்பட்டினம் 32. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் 36. வேலூர்–திருவண்ணாமலை–திருச்சி 38. கிருஷ்ணகிரி–சேலம் 44. கேரளக் கடற்கரை 66. வரிசை அப்படியே மேற்கே நகருது பாருங்க. ஒற்றைப்படையில் கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோவை–சிதம்பரம் 81, ராமேஸ்வரம் பக்கம் 87.

மூன்று இலக்கம் வந்தால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையின் எண். வாணியம்பாடி–திருப்பத்தூர்–ஊத்தங்கரை–சேலம் சாலை 179ஏ. எண்ணைப் பார்த்தாலே இது சேலத்துப் பக்கம் ஓடும் 79-இன் கிளை என்று புரிந்துவிடும்.

இப்போ ஒரு பேப்பரில் வரைந்து பாருங்க. வடக்கே 48, மேற்கே 179ஏ, தெற்கே ஊத்தங்கரை–செங்கம்–திருவண்ணாமலை 77, கிழக்கே திருவண்ணாமலை–போளூர்–வேலூர் 38. நான்கு எண்ணும் சேர்ந்து ஒரு வளையம். அதன் நடுவில் ஜவ்வாது மலை. எந்தப் பக்கம் மலை இறங்கினாலும் இந்த நான்கில் ஒன்றைத் தொடலாம்.

ஒரு சந்தேகம் வரும்: வேலூர்–வாணியம்பாடி கிழக்கு மேற்காகத்தானே போகுது, ஏன் 48 என்று இரட்டைப்படை? அது டெல்லியில் தொடங்கி மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னை வரும் ஒரே சாலை. முழுச் சாலையின் திசையைப் பார்த்துத்தான் எண் கொடுப்பார்கள்.

3. "அண்ணா, எந்த இடம்?"

இதுதான் முக்கியமான பாடம். மலையில் ஒரு விபத்து, அந்த இடத்தில் சிக்னல் இல்லை என்று வையுங்க. ஒருத்தர் சிக்னல் கிடைக்கிற இடம் வரை போய் 108-க்குப் பேசணும். அங்கிருந்து லொகேஷன் அனுப்பினால் அது அவர் நிற்கிற இடத்தைக் காட்டுமே தவிர, அடிபட்டவர் கிடக்கிற இடத்தைக் காட்டாது. "ஒரு பெரிய வளைவு, பக்கத்தில் புளியமரம்" என்றால் மலை முழுக்க அப்படித்தான் இருக்கும்.

அதனால் கிளம்பும் முன் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்க.

முதலாவது, கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், ஊர்ப் பெயர். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை வரும் கல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும்.

இரண்டாவது, இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் குட்டிக் கற்கள். 2, 4, 6, 8 என்று எண் இருக்கும். 6 என்றால் முந்தின கல்லிலிருந்து 600 மீட்டர்.

மூன்றாவது, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் எழுதியிருக்கும் எண். 34/2 என்றால் 34-வது கிலோமீட்டரில் உள்ள இரண்டாவது பாலம். இதை 200 மீட்டர் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

"ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போற ரோடு, இத்தனாவது கல், குட்டிக் கல் 6 பக்கத்தில்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தேட வேண்டிய வேலை இல்லை.

4. கொண்டை ஊசி வளைவில் ஏன் 20?

பலகையின் வடிவத்தை வைத்தே பொருள் சொல்லலாம். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். எண்கோணம் 'நில்'லுக்கு மட்டும். பின்பக்கமிருந்து பார்த்தாலும், சேறு படிந்திருந்தாலும் தெரியணும் என்பதற்காக.

கொண்டை ஊசி வளைவுக்கு இந்திய சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை விதி, மணிக்கு 20 கி.மீ. வேகத்தையும் குறைந்தபட்சம் 14 மீட்டர் உள் ஆரத்தையும் வைத்திருக்கிறது. ஏன் என்று நம்ம முதலாம் ஆண்டு ஃபிசிக்ஸே சொல்லும். வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவதால் வகுங்க.

20 கி.மீ. வேகத்தில் 0.22 வரும்.
30-இல் 0.51.
40-இல் 0.90.

டிசைனில் டயர் உராய்வுக்கு 0.15, ரோட்டின் உட்சாய்வுக்கு அதிகபட்சம் 0.10, மொத்தம் 0.25 தான் கணக்கில் எடுக்கிறார்கள். 20-க்கு இடம் இருக்கு. 30-லேயே இரண்டு மடங்கு கடன். மழையில் நனைந்த ரோடு, மேலே இரண்டு பேர், லூஸ் ஜல்லி என்றால் அந்தக் கடனை யார் கட்டுவது?

இன்னொன்று: குறுகலான ஏற்றத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கணும்.

5. எழுத்து தெரியாதவருக்கும் ஒரு கல்

இந்த யோசனை புதுசு இல்லை. ஜவ்வாது மலைக்கு மேற்கே தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் பழைய தூரக்கல் கிடைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் எழுத்தில் இருக்கு, தமிழ் எண்ணில் இருக்கு. அதோடு இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வணிகரும் இருட்டில் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம்!

2017 மார்ச்சில் 75, 77 எண் சாலைகளின் கற்களில் ஆங்கிலத்துக்குப் பதில் இந்தி எழுதப்பட்டதாகச் செய்தி வந்து, தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: கல் யாருக்காக நிற்குது? வழியில் போகிறவருக்காக. அவருக்குப் புரியலைன்னா அது வெறும் கல்.

அடுத்த முறை மலை ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வேலை கொடுங்க. கடந்து போகும் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்க. ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள் உங்கள் குழுவில் ஒருத்தருக்காவது, எந்த நிமிஷத்திலும் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்கும்.