இடக்கை முந்துவது பிழையா?

அன்புள்ள தம்பிக்கு,

1925-க்கு முன் பதிவான பியானோ இசைத்தட்டுகளை முதன்முறையாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள்: ஒன்று, இரைச்சலுக்கு நடுவே இசை எங்கோ புதைந்து கிடக்கிறது என்பது, மற்றொன்று, அக்காலத்துக் கலைஞர்களுக்கு இரு கைகளையும் ஒருசேர வைத்து வாசிக்கத் தெரியவில்லை என்பது. முதல் குறை நியாயமானது. இரண்டாவது, கேட்பவர் தம் காதுப் பழக்கத்தைக் கலைஞரின் குற்றமாக்கிவிடும் அவசரத் தீர்ப்பு. கார்ல் ரைனெக்கே வாசித்த மோட்சார்ட்டைக் கேட்டுவிட்டு, தடுமாறுவது எண்பது வயதுக் கையா, இயந்திரமா என்று நீ கேட்ட கேள்வியிலும் அந்தத் தீர்ப்பே ஒளிந்திருப்பதால், விடை சற்று நீள வேண்டியதாயிற்று.

இயந்திரத்தின் குற்றங்களை மறைக்கத் தேவையில்லை. ஒலிப்பதிவுக்கு மைக் வருமுன், பியானோவின் ஒலி ஒரு கூம்புக் குழலுக்குள் புகுந்து, அதன் கடைசியில் இருந்த மெல்லிய தகட்டை அதிரவைக்க, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறியது. இடையில் ஒலியைப் பெருக்கும் மின்கருவி எதுவும் இல்லை. மனிதக் குரல் இவ்வழியே ஓரளவு சேதமின்றிப் போய்ச் சேர்ந்தது. சுத்தியல் தட்டிய கணமே பிறந்து உடனே தேயத் தொடங்கும் பியானோ ஒலியோ, அடிச்சுரங்களின் கனத்தையும் உச்சச் சுரங்களின் ஒளியையும் வழியிலேயே இழந்தது. 1889 டிசம்பரில் வியன்னாவில் மெழுகு உருளையில் பதிவான பிராம்ஸின் வாசிப்பு இன்று பெரிதும் இரைச்சலாகவே எஞ்சியிருக்கிறது. 1903-ல் பாரிஸில் பியானோ கலைஞர் ரவுல் புன்யோ பதிவுசெய்த தட்டுகளில் சுருதி அலைவதற்குத் தட்டு சீராகச் சுழலாததே காரணம். அவருடைய விரல்களுக்கு அதில் பங்கில்லை.

நேரமும் ஒரு தடையாக இருந்தது. பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் அடங்கும். பியானோ கலைஞர் ஃபெருச்சியோ புசோனி தம் மனைவிக்கு 1919 நவம்பரில் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தில், கூனோவின் 'ஃபாஸ்ட்' வால்ட்ஸைப் பதிவுசெய்தபோது பட்ட பாட்டை அவர் விவரிக்கிறார்: பத்து நிமிட உருப்படியை நான்கு நிமிடத்துக்குள் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது, பெடலை அஞ்சி அஞ்சிப் பயன்படுத்த வேண்டியிருந்தது, சில சுரங்களை இயந்திரத்தின் வசதிக்காக வலிந்து அழுத்தியும் வேறு சிலவற்றை வேண்டுமென்றே அடக்கியும் வாசிக்க வேண்டியிருந்தது. பழைய தட்டுகளை எள்ளி நகையாடுபவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும்.

ஆனால் இரு கைகளும் முன்பின்னாக ஒலிப்பதற்கு இசைத்தட்டு இயந்திரம் எவ்வகையிலும் காரணமாக முடியாது. வலக்கை எழுப்பும் ஒலியும் இடக்கை எழுப்பும் ஒலியும் ஒரே குழலுக்குள் புகுந்து, ஒரே ஊசியால், ஒரே தடத்தில் கீறப்படுகின்றன. தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதி உயர்ந்து வாசிப்பு முழுவதும் விரையும். மெதுவாகச் சுழன்றால் இரண்டும் தாழும். எப்படிச் சுழன்றாலும் ஒரு கையை விட்டு மற்றதை மட்டும் முந்தச் செய்யாது. இடக்கையின் அடிச்சுரம் முதலில் விழுந்து, வலக்கையின் மெட்டுச் சுரம் இமைப்பொழுது தாமதித்து வருகிறதென்றால், கலைஞர் அப்படித்தான் வாசித்திருக்கிறார். பியானோவில் சுரத்தைத் தட்டியபின் அதை வளர்க்க வழியில்லை. அடிச்சுரம் அதிர்ந்துகொண்டிருக்கும்போது தனியே வந்து விழும் மெட்டுச் சுரம், உரக்கத் தட்டாமலேயே தெளிவாகக் கேட்கும். இதனுடன் சேர்ந்தே வருவது ஆர்பெஜியோ, அதாவது ஒருசேர ஒலிக்க வேண்டிய சுரக்கூட்டைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அவிழ்த்து வாசிப்பது. ஏட்டில் அதற்கான குறி இல்லாத இடங்களிலும் அக்காலத்தவர் தாராளமாக அவிழ்த்தார்கள்.

இனி ரைனெக்கே. 1824-ல் பிறந்தவர், அவர் பிறந்தபோது பேத்தோவன் உயிரோடிருந்தார், மோட்சார்ட் மறைந்து 33 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1860 முதல் 1895 வரை லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தியவர், லைப்சிக் இசைக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், மோட்சார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களுக்கு மீண்டும் உயிரூட்டுவது பற்றி 1891-ல் ஒரு நூலே எழுதியவர். அவருடைய தலைமுறை அவரைப் புரட்சிக்காரராக அல்ல, மரபின் காவலராகவே கண்டது. அத்தகையவர் மோட்சார்ட்டின் 'முடிசூட்டு' கான்செர்ட்டோவின் மெதுநடைப் பகுதியைத் தனிப் பியானோவுக்கு அமைத்து வாசிக்கும்போது இடக்கை முந்துகிறது, சுரக்கூட்டுகள் அவிழ்கின்றன, அலங்காரச் சுரங்கள் சேர்கின்றன. இன்றைய போட்டி மேடையில் ஓர் இளைஞர் இப்படி வாசித்தால் முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மோட்சார்ட்டை மதிக்கத் தெரியாதவர் என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். தாளம் காட்டும் மெட்ரோனோமின் டிக்டிக்கையே ஒழுக்கம் என்று கற்பித்துவிட்ட பயிற்சிமுறைக்கு, ரைனெக்கேயைத் திருத்தும் உரிமையை யார் கொடுத்தார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும், அது நேர்மையான மறுப்பும்கூட. ரைனெக்கேயின் வாசிப்பு இசைத்தட்டில் பதிவானதன்று. ஃப்ரைபுர்கில் உருவாகி 1904-ல் அறிமுகமான வெல்டே-மிக்னோன் என்ற தானியங்கிப் பியானோ முறையில், காகிதச் சுருளில் துளைகளாகப் பதிவானது. துளைகளைப் பின்னர் திருத்த முடியும் என்பதால், சுருளை மட்டும் நம்பி வழக்காடக் கூடாது. ஆனால் 1848-ல் பிறந்த விளாதிமிர் த பாஹ்மன், அவரினும் இளையவரான பதெரெவ்ஸ்கி ஆகியோரின் தட்டுகளிலும் இதே பழக்கம் கேட்கிறது. தட்டில் துளையும் இல்லை, திருத்தமும் இல்லை.

அக்காலத்தவர் எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று நினைத்துவிடவும் கூடாது. வியன்னாவின் புகழ்பெற்ற ஆசிரியர் லெஷெடிட்ஸ்கியின் முறையை விளக்கி மால்வினே ப்ரே 1902-ல் வெளியிட்ட நூல், மெட்டுச் சுரத்தை அடிச்சுரத்துக்குச் சற்றுப் பின் வாசிக்கலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அதே மூச்சில், இசைத்தொடரின் தொடக்கத்திலும் முக்கியமான சுரங்களிலும் மட்டுமே என்று வரம்பும் கட்டுகிறது. சில ஆண்டுகளுக்குள் பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மன், வாசகர் கேள்விகளுக்கு அளித்த விடைகளில், இதை நொண்டி நடை என்று கண்டித்தார். இத்தனைக்கும் அவருடைய இசைத்தட்டுகளிலேயே இடக்கை ஆங்காங்கே முந்துகிறது. ஆக, அன்றைய சச்சரவு கலைஞருக்கு வாசிக்கத் தெரியுமா தெரியாதா என்பதைப் பற்றியதன்று; தெரிந்தே செய்த ஒன்றை எங்கே, எவ்வளவு செய்வது என்பதைப் பற்றியது.

பதெரெவ்ஸ்கி லெஷெடிட்ஸ்கியிடம் பயின்றவர். ஷோப்பானின் 15-ஆம் படைப்பெண்ணில் இரண்டாவதாக உள்ள நாக்டர்னை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவுசெய்திருக்கிறார். இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்த பிரதிகளில் சுரத்தின் தொடக்கமும் சேர்ந்தே தேய்ந்துபோகும் என்பதால், இரைச்சல் மிஞ்சிய பிரதியையே தேர்ந்தெடுத்து, ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இடக்கை முந்தும் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள். அவற்றுள் எவை ப்ரே கட்டிய வரம்புக்குள் அடங்குகின்றன, எவை மீறுகின்றன என்று பிரித்து எழுதி அனுப்பினால், மீறியவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம்.

அன்புடன்.