எட்டுக்கால் பூச்சி மேல் விழும் பழி



மழைக்காலத்தில் விடிந்து எழும்போது கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ சிவந்த கோடு ஒன்று எரிந்தால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு." வீடுகளில் கடிக்கிற சிலந்தி எது, அதை ஒழிப்பது எப்படி என்று எழும் கேள்வியும் இந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்ததுதான். தீர்ப்பே தவறு. சிலந்தியின் பெயரில் எழுதப்படும் புண்களில் பெரும்பாலானவை சிலந்தியால் வந்தவை அல்ல.

சிலந்தியின் கழிவில் பெரும்பகுதி குவானின் என்னும் வெள்ளைப் பொருள். வலைக்குக் கீழே சுவரிலும் தரையிலும் சுண்ணாம்புப் புள்ளியாகக் காய்ந்து கிடப்பது அதுவே. அது தோலைப் புண்ணாக்காது. அந்தச் சிவந்த கோட்டைப் போடுவது பெரும்பாலும் ஒரு வண்டு. அறிவியலில் அதன் பெயர் பெடரஸ். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். பார்த்த உடனே எறும்பு என்றே தோன்றும். தலை கறுப்பு, மார்பு செம்மஞ்சள், அடுத்து நீலம் மினுங்கும் குட்டையான இறக்கை மூடி, பிறகு மறுபடியும் செம்மஞ்சள், வால்நுனி கறுப்பு. கண்மாய்க் கரை ஈரத்திலும் நெல்வயலிலும் வாழ்ந்து, பயிரை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சி இது. இருட்டியதும் டியூப் லைட்டைத் தேடி வீட்டுக்குள் பறந்து வரும். கடிக்காது, கொட்டவும் கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று கையால் அடித்துத் தேய்க்கும்போதுதான் வினை. நசுங்கிய உடலிலிருந்து பெடரின் என்ற நச்சு தோலில் இழுபடுகிறது. இந்த நச்சை வண்டு தானாகச் செய்வதில்லை. பெண் வண்டின் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா செய்து கொடுக்கிறது.

தேய்த்த இடத்தில் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்துத்தான் கோடாகச் சிவந்து, சிறு கொப்புளங்கள் கட்டி, எரியத் தொடங்கும். அதற்குள் வண்டு மறந்துபோயிருக்கும்; சுவர் மூலையில் இருக்கும் சிலந்தி மட்டும் கண்ணில் படும். பழி அதன் மேல் விழுவது இப்படித்தான். முழங்கை மடிப்பில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராகப் புண் இருந்தால் அது பெடரஸ் என்பதற்கு நல்ல அடையாளம். மடக்கிய கையில் ஒரு பக்கத்து நச்சு மறுபக்கத்தில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதிவிட வேண்டும். நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கை கண்ணுக்குப் போகவே கூடாது.

சிலந்தியின் கணக்கில் எழுதப்படும் இரண்டாவது நோய் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கட்டி, தொட முடியாத வலி தருவது இது. சின்னம்மை வைரஸ் நரம்பில் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவதால் வருகிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தெற்கத்திச் சீமையில் இன்றும் உண்டு. எழுதிக்கொள்பவர் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் மருத்துவர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். சிலந்தி என்று சொல்லிக் கழிக்கும் மூன்று நாளில் அந்தக் காலம் போய்விடுகிறது.

இனி, வீட்டில் உண்மையிலேயே இருக்கும் சிலந்திகள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு, ஆனால் அது பூச்சிகளுக்கானது. பலவற்றின் பற்கள் மனிதத் தோலைத் துளைக்கவே துளைக்காது. மச்சிலும் மூலையிலும் ஒட்டடை கட்டும் நெட்டைக்கால் சிலந்தியைத் தொட்டால் வலையோடு கிடுகிடுவென்று ஆடும். அதன் தற்காப்பே அவ்வளவுதான். பட்டப்பகலில் சுவரில் துள்ளித் துள்ளிப் போகும் குட்டிச் சிலந்தி ஈயையும் கொசுவையும் பிடிக்கிறது. இவை இரண்டையும் வைத்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஓட்டு வீட்டிலும் குளியலறையிலும் இரவில் விளக்குப் போட்டதும் சுவரில் விரிந்து நிற்கும் பெரிய பழுப்புச் சிலந்திதான் குழந்தைகளை அலற வைப்பது. கால்களை நண்டு போலப் பக்கவாட்டில் வைத்திருக்கும். காலோடு அளந்தால் உள்ளங்கை அகலம். வலை பின்னிக் காத்திருக்காமல் ஓடிப்பிடித்துத் தின்னும். அதன் முதல் இரை கரப்பான். பெண் சிலந்தி வட்ட வில்லையாக முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு திரிவதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கையால் அமுக்கினால் கடிக்கும். வலியும் கொஞ்சம் வீக்கமும் வந்து தணியும்.

கவனம் வேண்டியவை மூன்று. ஒன்று, இலையைச் சுருட்டிப் பட்டுப் பை கட்டிப் படுத்திருக்கும் வெளிர்மஞ்சள் சிலந்தி. பருத்திக் காட்டிலும் தோட்டத்துச் செடிகளிலும் இருக்கும். கடி சுருக்கென்று வலிக்கும். இரண்டாவது, பழுப்பு விதவைச் சிலந்தி; இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. பட்டாணி அளவு உருண்டை வயிறு, அடிப்பக்கத்தில் உடுக்கை வடிவில் ஆரஞ்சு நிறக் குறி. பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியிலும் தொட்டி விளிம்பிலும் கண்டபடி நூல் இழுத்திருக்கும். முட்டைப் பையைச் சுற்றி முள் முள்ளாக இருப்பது இதை அடையாளம் காண நல்ல வழி. கைப்பேசியில் சுற்றி வரும் அழுகிய புண் படங்கள் இவை எவற்றாலும் வந்தவை அல்ல. அந்தப் படங்களோடு பெயர் சொல்லப்படும் பழுப்புச் சிலந்தி வேறு இனம், அமெரிக்காவுக்கு உரியது. அதைக் காட்டி நம் ஊர்ப் பிள்ளைகளை மிரட்டுவது பொறுப்பில்லாத வேலை.

மூன்றாவது, மரப்பொந்துச் சிலந்தி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பழைய புளியமரங்களின் பொந்துகளில் வாழும் பொய்சிலோதெரியா இனம் இது. ரோமம் அடர்ந்தது, கையளவு பெரியது, காலில் வெள்ளை, மஞ்சள், கறுப்புப் பட்டைகள். கடித்தால் சாவு வராது. ஆனால் தசைப் பிடிப்பு சில நாள் வரை நீடிக்கலாம், மருத்துவமனைக்குப் போக வேண்டிய கடிதான். இந்த இனத்தின் கதை படிக்கத் தெவிட்டாதது. போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1899இல் ஆந்திரத்துக் குத்தி ஊரில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியை உலகுக்கு அறிவித்தார். ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது அது. அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டு யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கிடைத்தது. நம் ராமேஸ்வரத்தில் வாழும் உறவு ஒன்றும் இதற்கு உண்டு. அங்குள்ள அனுமார் கோயில் ஒன்றின் பெயரையே தாங்கி 2004இல் அறிவியலுக்கு அறிமுகமானது. இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் வளர்ப்பவர்களுக்கு விற்கப்படுவதால், மரப்பொந்துச் சிலந்தி இனம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் 2019 முதல் கட்டுப்பாட்டில் உள்ளது.  மலைக்காட்டை ஒட்டிய மாந்தோப்பில் பொந்துக்குள் இப்படி ஒன்று தெரிந்தால் நெருப்பு வைக்கக் கூடாது. பொந்துக்குள் கைவிடாமல் இருந்தாலே போதும்.

2012இல் அஸ்ஸாமின் சதியா பகுதியில் சிலந்தி கடித்து இருவர் இறந்ததாக நாடெங்கும் செய்தி பரவியது. அந்தச் சாவுக்குச் சிலந்திதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. கடிவாயைப் பிளேடால் கீறி ரத்தம் வெளியேற்றும் நாட்டு வைத்தியம் அங்கே நடந்ததும் அதே செய்திகளில் வந்தது. கீறிய புண்ணில் கிருமி ஏறினால், சிலந்தி செய்யாத கொலையை அது செய்துவிடும்.

சிலந்தி என்று தவறாக முடிவு கட்டுவதில் உயிரைப் பறிப்பது கட்டுவிரியன் விஷயம். தரையில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் கடிக்கும். வலி அதிகம் இராது, பல் தடம் தேடினாலும் பல நேரம் தெரியாது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று திரும்பிப் படுத்தவருக்கு விடியும் முன் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு அடைக்கும். செந்தேள் கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது. மகாராஷ்டிரத்து மகாட் பகுதியில் மருத்துவர் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பல உயிரைக் காத்தார். மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால்தான் பயன்.

ஆகவே வீட்டைக் காப்பது என்பது சிலந்தியை ஒழிப்பது மட்டும் அல்ல. விறகையும் தென்னை மட்டையையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்கினால் சிலந்தி, தேள், கட்டுவிரியன் மூன்றுக்கும் அதுவே வீடு. அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கையுறை இல்லாமல் கிளறக் கூடாது. வாசலில் இரவு முழுக்க எரியும் வெள்ளை விளக்கு பூச்சியை அழைக்கிறது, பூச்சி சிலந்தியை அழைக்கிறது. மஞ்சள் விளக்காக மாற்றினாலே பூச்சி குறையும், பெடரசும் குறையும். சன்னலுக்குக் கொசுவலை, கதவடி இடுக்குக்கு அடைப்பு, ஒட்டடைக் கோலால் வலையோடு முட்டைப் பையையும் எடுத்து அப்புறப்படுத்துவது, ஷூவையும் ஹெல்மெட்டையும் கொடியில் காயும் துணியையும் உதறிப் போடுவது, கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது: வேலை இவ்வளவே. மருந்து அடிப்பது இங்கே பெரிதும் வீண். வலையில் தொங்கும் சிலந்தியின் கால் மருந்து படிந்த சுவரில் படுவதே அபூர்வம். கரப்பானைத் தின்னும் சிலந்தி செத்தால் கரப்பான்தான் பெருகும். மாதா மாதம் வீட்டுக்குள் மருந்தடித்துவிட்டுக் குழந்தைக்கு இருமல் என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

சிலந்திதான் கடித்தது என்று கண்ணால் பார்த்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணி வைத்து, தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடித்தது எது என்று தெரியாமல், உடல் வியர்த்தாலோ தசை இழுத்தாலோ வயிறு வலித்தாலோ இமை தொங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாம்புக்கடி மருந்து அங்கே இலவசம்.